ஜார்ஜ் டவுனுக்கு முதல் முறை போகிறீர்களா? தெரு தெருவாக ஒரு வழிகாட்டி

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கடைவீதி எது என்று கேட்டால் தி.நகர் ரங்கநாதன் தெருவைச் சொல்வார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் புரசைவாக்கத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். பாரிமுனைப் பக்கம் கோர்ட் வேலையோ பாங்க் வேலையோ இருந்தால் போவார்கள், வேலை முடிந்ததும் போன வேகத்தில் திரும்பிவிடுவார்கள். காரணம் கேட்டால் நெரிசல், குப்பை, சாக்கடை நாற்றம், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒயர், காது கிழியும் ஹாரன் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த நகரம் கோட்டையிலிருந்து வெளியே வளரத் தொடங்கிய இடம் இது. தெலுங்குச் செட்டியார்கள், மார்வாரிகள், குஜராத்திகள், கீழக்கரை காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரிகள், நகரத்தார், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், ஒரு காலத்தில் ஆர்மீனியர்களும் யூதர்களும் என்று இத்தனை பேர் அடுத்தடுத்த தெருக்களில் கடை போட்டுக் குடும்பம் நடத்திய இடம் சென்னையில் வேறு கிடையாது.

இங்கே போய்விட்டு "ஒன்றும் புரியவில்லை, தலைவலிதான் மிச்சம்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தவறான தெருவில் தவறான நேரத்தில் நின்றவர்கள். எந்தத் தெருவில் என்ன, அது எத்தனை மணிக்கு உயிரோடு இருக்கும் என்ற இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், மீதியைக் கால் தானே கற்றுக்கொள்ளும்.

முதலில் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

ஜார்ஜ் டவுனை ஒரு பெரிய செவ்வகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே என்.எஸ்.சி. போஸ் ரோடு, கிழக்கே துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலை, வடக்கே பழைய ஜெயில் ரோடு, மேற்கே வால்டாக்ஸ் ரோடு. பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் கொடுத்த பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி மதில் கட்டியது, அதற்காக மக்களிடம் வரி வாங்கவும் திட்டம் போட்டது, வசூல் நடக்கவே இல்லை, வால்டாக்ஸ் என்ற பெயர் மட்டும் ரோட்டுக்கு நின்றுவிட்டது. அந்த மதிலில் மிஞ்சிய துண்டை இன்றைக்கும் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா என்ற பெயரில் பார்க்கலாம்.

செவ்வகத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடுவது பிராட்வே. போர்டில் பிரகாசம் சாலை என்று இருக்கும், வாயில் பிராட்வேதான். இதற்குக் கிழக்கே இருப்பது முத்தியால்பேட்டை: தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு, மண்ணடி எல்லாம் இந்தப் பக்கம். மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை: கொத்தவால்சாவடி, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலை, சவுக்கார்பேட்டை எல்லாம் அந்தப் பக்கம். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாக நின்று சண்டை போட்ட காலத்தில், கம்பெனி வலங்கையினரை மேற்கிலும் இடங்கையினரை கிழக்கிலும் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவின் சுவடு கோயில்களிலும் தெருப் பெயர்களிலும் இன்னும் இருக்கிறது. அணி எல்லாம் போய்விட்டது, தொழில் பிரிவு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு தெரு முழுக்கக் காகிதம், அடுத்த தெரு முழுக்கத் துணி, அதற்கடுத்தது கெமிக்கல் என்று இன்றைக்கும் அப்படியே நடக்கிறது.

ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மேற்குக்கு ஒரு நாள், கிழக்குக்கு ஒரு நாள். இதுதான் நான் முதலில் சொல்வது.

எந்த நாள், எந்த நேரம்

ஞாயிற்றுக்கிழமை மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வாங்கும் வேலை இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். மற்ற நாட்களில் துணி, காகிதம், ஃபேன்சி சாமான் கடைகள் சோம்பலாகப் பத்தரை, பதினொன்றுக்குத்தான் திறப்பார்கள். திறந்த சூட்டோடு போனால் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும், மதியத்துக்கு மேல் வெளியூர் வியாபாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒன்றிரண்டு பீஸ் கேட்கிறவரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை மண்ணடியில் ஜும்மா தொழுகைக்காகப் பல கடைகளை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் அங்கே போய் நின்றுகொண்டு கடை இல்லையே என்று திரும்பாதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் நெரிசல் உச்சத்தில் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். சில தெருக்களில் தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும், கீழே பள்ளம் எங்கே, திறந்த சாக்கடை எங்கே என்று தெரியாது.

புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்தை ஒட்டி ஒரு நாள், பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடைகள் புறப்பட்டு யானைக்கவுனியைத் தாண்டிப் போகும். அன்று அந்தப் பக்கம் கடை வேலையை மறந்துவிடுங்கள், வண்டி நகராது. ஆனால் கூட்டம் பழக்கமானவர்கள் அந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தே போகலாம். யானைக்கவுனி முனையில் குடை வரும்போது எழும் 'கோவிந்தா' கோஷத்தை ஒரு முறையாவது நேரில் கேட்க வேண்டும்.

எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது

சொந்தக் காரில் போகாதீர்கள். பைக்கும் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் நடுவில் இறங்கிய மாதிரி, இரண்டு பக்கமும் நடக்கலாம். மண்ணடி ஸ்டேஷன் வடக்குப் பகுதிக்கு வசதி. சவுக்கார்பேட்டை, கந்தகோட்டம் முருகன் கோயில் என்றால் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். மின்சார ரயிலில் வருகிறவர்கள் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பர்மா பஜார்.

மெட்ரோவில் வந்தால் இன்னொரு லாபம், ஸ்டேஷனை விட்டு வெளியே வரும் முன் கழிப்பறைக்குப் போய்விடலாம். உள்ளே தெருக்களில் பெண்களுக்கு நல்ல கழிப்பறை கிடைப்பது கஷ்டம். இதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் நாள் முழுக்கச் சுற்றப் போகிறவருக்கு இதுதான் முதல் தகவல்.

வழுக்காத, கால் விரலை மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டும். ஜிபே எல்லா இடத்திலும் ஓடும் என்றாலும் நெருக்கமான சந்துகளில் சிக்னல் விட்டு விட்டு வரும், மொத்தக் கடைகளில் சிலர் ரொக்கம்தான் கேட்பார்கள், அதனால் நூறு, இருநூறு நோட்டாகக் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.

கூகுள் மேப்பை அளவோடு நம்புங்கள். சந்துக்குள் போனதும் நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். கதவு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு, பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், உங்களிடம் இருக்கும் விலாசத்தில் எது எழுதியிருக்கிறது என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வழி கேட்பதாக இருந்தால் பூக்காரம்மாவிடமோ டீக்கடையிலோ கேளுங்கள், தெருப் பெயரை மட்டும் சொல்லாமல் என்ன வாங்க வந்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "ஆண்டர்சன் தெரு எங்கே" என்பதைவிட "பத்திரிகை அடிக்கிற தெரு எங்கேண்ணே" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

மேற்குப் பக்கம்: காலை பூக்கடையில் தொடங்குங்கள்

ஏழு மணிக்கெல்லாம் பத்ரியன் தெருவில் இருங்கள். மொத்தப் பூ வியாபாரத்தில் பெரும்பகுதி கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, ஆனாலும் மாலை கட்டுகிறவர்களும் உதிரிப்பூ விற்கிறவர்களும் இங்கே விடாமல் இருக்கிறார்கள். ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் சாமந்தி, அரளி, சம்பங்கி, பன்னீர் ரோஜா என்று குவித்திருப்பார்கள். மாலை கட்டுகிறவர் பேசிக்கொண்டே கட்டுவார், கண் பூவில் இருக்காது, கட்டைவிரலும் நாரும் தாமாகச் சுற்றிக்கொண்டே போகும். படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். "எடுத்துக்கோ தம்பி" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் கோபம் வருவது நியாயம்தானே, அவர்கள் விடிவதற்கு முன்னாலிருந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

அருகிலேயே தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீஸ்வரர் கோயிலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பட்டணம் கோயில் என்று சொல்வார்கள். இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில்தான் இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரமும் அதன் பெரிய கோயிலும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்துவைத்திருந்து திருப்பிக் கொடுத்த பிறகு, கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். கோயிலும் போயிற்று. அதற்கு ஈடாக இங்கே கட்டப்பட்டதுதான் இந்த இரண்டு கோயில். பூக்கடையும் கோயிலும் காலை நேரத்தில் ஒன்றாகப் பார்க்க வேண்டியவை, கூட்டம் சேருவதற்குள் நிதானமாக நின்று பார்க்கலாம்.

அப்புறம் கொத்தவால்சாவடி. கோயம்பேடு சந்தை 1996இல் திறக்கும் வரை மொத்தச் சென்னைக்கும் காய்கறி இங்கிருந்துதான் போனது. ஆரிய வைசியச் செட்டியார்களின் கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்தின் இடம் அது. காய்கறி லாரிகள் போனாலும் இடம் செத்துவிடவில்லை. வாழை இலைக் கட்டு, தேங்காய், மளிகை என்று இன்னும் வியாபாரம் இருக்கிறது. பக்கத்துக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழைந்தால் ஏலக்காய், பட்டை, மிளகு வாசனை மூக்கில் ஏறும். முந்திரி, பாதாம், பேரீச்சம்பழம் இங்கே வாங்குவதானால் நாலு கடையில் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கேட்டால் கையில் தருவார்கள். முந்திரியில் முழுசு, அரை, உடைசல் என்று ரகத்துக்கு ரகம் விலை வேறு, பாயசத்துக்கு வாங்குகிறவர் முழு முந்திரிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

எந்தத் தெருவில் என்ன

ஆண்டர்சன் தெரு: காகிதம், கல்யாணப் பத்திரிகை. கோடவுன் தெரு: மொத்தத் துணி. நயினியப்ப நாயக்கன் தெரு: கெமிக்கல், சர்ஜிக்கல் சாமான், ஆய்வகப் பொருட்கள். நாராயண முதலி தெரு: பொம்மை, ஃபேன்சி, அலங்காரப் பொருட்கள். கந்தகோட்டத்தைச் சுற்றி நாட்டு மருந்து. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நகைக்கடைகள். இவற்றில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் போங்கள். கடையில் ஆல்பம் ஆல்பமாக மாதிரி காட்டுவார்கள், பத்துக் கடை ஏறி இறங்கினால் எல்லாம் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் எத்தனை பத்திரிகை, ஒன்றுக்கு எவ்வளவு வரை செலவு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அச்சுக்கூலி, கவர், பெயர் போட்ட மஞ்சள் பை இதெல்லாம் சொன்ன விலையில் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். புரூஃப் வந்ததும் அவசரப்பட்டு ஓகே சொல்லாதீர்கள். பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், முகூர்த்த நேரம், கிழமை, மண்டபத்து விலாசம், சம்பந்தி வீட்டார் பெயரின் இனிஷியல் இவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். நீங்கள் ஓகே சொன்ன பிறகு அச்சான பிழைக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை.

கோடவுன் தெருவில் பல கடைகளில் தரை முழுக்க வெள்ளை மெத்தை விரித்திருக்கும், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார வேண்டும். நின்றுகொண்டே விலை கேட்டால் அவர்களுக்கு நீங்கள் வாங்க வந்தவராகத் தெரியாது. முதல் கேள்வி "ரீட்டெயில் தருவீங்களா?" இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தருவோம் என்றால் அடுத்த கேள்வி "எத்தனை பீஸ் எடுத்தா ஹோல்சேல் ரேட்?" ஆறுக்கு ஒரு விலை, டஜனுக்கு ஒரு விலை, கட்டாக எடுத்தால் இன்னொரு விலை. அதனால் தனியாகப் போவதைவிட அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போவது லாபம். மூன்றாவது கேள்வி, சொன்ன விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா. பில் கட்டாயம் வாங்குங்கள்.

பேரம் பற்றி ஒன்று. மெத்தைக் கடைகளில் பாதி விலைக்குக் கேட்கும் பழக்கம் எடுபடாது. அங்கே லாபம் பீஸுக்குச் சில ரூபாய்தான், அளவை ஏற்றினால்தான் விலை இறங்கும். நடைபாதையிலும் பர்மா பஜாரிலும் பேரம் வேறு கணக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கூப்பிடும் விதத்துக்கு வருவோம். "அண்ணே", "அக்கா" எல்லா இடத்திலும் செல்லும். மண்ணடியில் "பாய்" என்று கூப்பிடுவது சகஜம், மரியாதையும்கூட. வடநாட்டு வியாபாரிகளை முகத்துக்கு நேரே "சேட்டு" என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய, ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து, உங்களைவிட நன்றாக மெட்ராஸ் பாஷை பேசுகிறவரை "அண்ணே" என்று கூப்பிடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

நடக்கும்போது பின்னால் இருந்து "வழி, வழி", "சைடு, சைடு" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள். தலையில் ஐம்பது கிலோ மூட்டையோடு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது. தெரு நடுவே நின்று போன் பேசுவது, நான்கு பேர் கைகோத்து வரிசையாக நடப்பது, இரண்டும் இங்கே கூடவே கூடாது. இந்தத் தெருக்கள் முதலில் சுமை தூக்குகிறவர்களுடையவை, மற்றவர்களெல்லாம் அப்புறம்.

மாலை தங்கசாலையில்

ஐந்து மணிக்கு மேல் தங்கசாலைத் தெருவுக்கு வாருங்கள். மின்ட் ஸ்ட்ரீட் என்பதும் இதுதான், கம்பெனியின் நாணயம் அடிக்கும் சாலை 1840களில் இங்கே வந்ததால் அந்தப் பெயர். சவுக்கார்பேட்டையின் முதுகெலும்பு இந்தத் தெரு. ஏகாம்பரேஸ்வரர் கோயிலும் சமணக் கோயிலும் ஒரே தெருவில் இருக்கும். சமணக் கோயிலுக்குள் போவதாக இருந்தால் தோல் பெல்ட், தோல் பர்ஸ் வெளியே விட வேண்டும்.

இங்கே சாப்பாடு பெரும்பாலும் சைவம். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு, ஒரே கடையில் உட்காராமல் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து இடத்தில் சாப்பிடுவதுதான் முறை. பானி பூரி, தஹி பூரியில் தொடங்கி, முறுக்கு சாண்ட்விச்சுக்கு வாருங்கள். இது இந்தப் பேட்டையிலேயே பிறந்த பண்டம்: ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், வேண்டுமென்றால் சீஸ். கையில் வாங்கிய உடனே கடித்துவிட வேண்டும், இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் நமுத்துவிடும். வெங்காயம் பூண்டு வேண்டாம் என்றால் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜிலேபிக்கும் சூடான பாதாம் பாலுக்கும் காகடா ராம்பிரசாத். அப்புறம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடையில் நெய்யும் பொடியும் சொட்டச் சொட்ட இட்லியும் ஊத்தப்பமும், மாலையில்தான் கடை, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். இனிப்பை முதலில் சாப்பிட்டுவிட்டால் இட்லிக்கு வயிற்றில் இடம் இருக்காது, வரிசையை மாற்றாதீர்கள்.

கிழக்குப் பக்கம்: பாரிமுனையிலிருந்து மண்ணடி வரை

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பாரிமுனையில் தொடங்குங்கள். 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரியின் கம்பெனி இடம், இப்போதைய டேர் ஹவுஸ் கட்டடம் 1940 வாக்கில் எழுந்தது. அந்த முனையில் ஒரு பழைய கல்தூண் நிற்கும், பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஊரை இடித்து உண்டாக்கிய வெட்டவெளிக்கு எல்லையாக 1773இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். எதிரே உயர் நீதிமன்றம், 1892இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசியதை நினைவுபடுத்தும் கல்வெட்டு அந்த வளாகச் சுவரில் இருக்கிறது. வளாகத்துக்குள் பாதுகாப்பு கெடுபிடி அதிகம், கேமராவை உள்ளேயே வைத்திருங்கள்.

அங்கிருந்து அரண்மனைக்காரன் தெரு. ஆங்கிலப் போர்டில் ஆர்மீனியன் தெரு என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். ஆர்மீனிய தேவாலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கதவு சாத்திவிடுவார்கள். 1712இல் கட்டி 1772இல் மறுபடி எழுப்பிய கோயில். உள்ளே போனதும் வெளியே ஓடும் ஆட்டோச் சத்தம் குறைந்து, அரளி போன்ற வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் முற்றமும் தரையில் பதித்த கல்லறைக் கற்களும் தெரியும். கற்களின் மேல்தான் நடந்து போக வேண்டியிருக்கும், எழுத்து ஆர்மீனிய மொழி. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தாரார்' 1794இல் அச்சானது இந்த மெட்ராஸில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இப்போது இங்கே வழிபட ஆர்மீனியர்கள் யாரும் ஊரில் கிடையாது என்றே சொல்லலாம், ஆனாலும் கட்டடத்தைப் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறார்கள்.

பக்கத்திலேயே புனித மரியன்னை இணைப் பேராலயம், மக்கள் பேச்சில் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை மதம் பார்க்காமல் கூட்டம் அலைமோதும். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில். தம்பு செட்டி தெருவுக்கு மாறினால் காளிகாம்பாள் கோயில், விஸ்வகர்மா சமூகத்தாருடையது. 1677இல் சிவாஜி இங்கே வந்து கும்பிட்டதாக வழிவழியாகச் சொல்வார்கள். கொஞ்ச தூரத்துக்குள் இத்தனையும் இருக்கிறது.

மேலே வடக்கே நடந்தால் மண்ணடி. இரும்பு, ஹார்டுவேர், பைப், மெஷின் உதிரிபாகம். வேலை இல்லாதவர்களுக்கு வாங்க ஒன்றும் இல்லை, ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூர் இருக்கும் பகுதியைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டல்கள். ரமலான் மாதத்தில் வருகிறவர்கள் மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்தால் தெருவே வேறு தெருவாக இருக்கும், வடை, சமோசா, நோன்புக் கஞ்சி. அந்த மாதத்தில் பகலில் நோன்பாளிகள் முன்னால் நின்று சாப்பிடாமல் இருப்பது நம் மரியாதை. பவளக்காரத் தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பவளமும் வைரமும் வியாபாரம் செய்த தெரு, பிறகு நகரத்தார் வந்தார்கள்.

பர்மா பஜார், அத்தோ

பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கியதும், தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலில் திரும்பினார்கள். அவர்களுக்குப் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒதுக்கிய வரிசைதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான் என்றாலே இங்கேதான் என்று இருந்த காலம் போய்விட்டது. இப்போது போன் உதிரிபாகம், சார்ஜர், சென்ட், வாட்ச், விளையாட்டுச் சாமான்.

வாங்கும் முறை இதுதான். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகே பணம் கொடுங்கள், "வீட்டுக்குப் போய்ப் பாருங்க, நம்பிக்கையா எடுங்க" என்றால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். பெரிய பிராண்டு பெயர் போட்டுப் பாதிக்கும் குறைவான விலை என்றால் அது போலிதான், அது தெரிந்து வாங்குவது உங்கள் விருப்பம். பில் இல்லாத பழைய போனைத் தொடவே தொடாதீர்கள், திருட்டுப் போனாக இருந்தால் போலீஸ் தேடி வருவது கடைசியாகக் கையில் வைத்திருப்பவரைத்தான். தெருவில் யாராவது வந்து "உள்ளே நல்ல சரக்கு இருக்கு" என்று கூப்பிட்டால் போக வேண்டாம்.

வாங்கி முடித்ததும் பக்கத்து செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ வண்டிகள் தயாராகியிருக்கும். ஆரஞ்சு நிறத்தில் வெந்த நூடுல்ஸ் ஒரு குவியல். ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போட்டு, மெலிதாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பூண்டு தாளித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த தட்டை) எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூப், கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் வைத்துத் தருவதையும் ஒன்று கேட்டு வாங்குங்கள். காரம் குறைய வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கூட்டம் அதிகமாக இருக்கும் வண்டியாகப் பார்த்து நில்லுங்கள், அங்கேதான் சரக்கு வேகமாகத் தீர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

பெண்கள் தனியாகப் போகலாமா, ராத்திரி எப்படி

பகலில் தாராளமாகப் போகலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மொத்தக் கடைத் தெருக்கள் ஷட்டர் இறங்கி வெறிச்சோடிவிடும், கோடவுன் தெரு, லிங்கி செட்டி தெரு மாதிரியான இடங்களில் அப்போது குறுக்கு வழி தேடாமல் பெரிய ரோட்டுக்கே வந்துவிடுங்கள். தங்கசாலைப் பக்கம் சாப்பாட்டுக் கடைகளால் நேரம் போனாலும் ஆள் நடமாட்டம் இருக்கும். மெட்ரோ 11 மணி வரை ஓடுகிறது.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோவது

கை நிறைய வாங்கிவிட்டால் கடையிலேயே மூட்டை கட்டித் தரச் சொல்லுங்கள், சாக்குத் தைத்துக் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கும், அதற்கான கூலியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை வரை தூக்கிவரச் சுமைக்காரர் கிடைப்பார். ஊருக்குள் என்றால் ஆட்டோ அல்லது மீன்பாடி வண்டி, வெளியூர் என்றால் வால்டாக்ஸ் ரோடு பக்கம் பார்சல் சர்வீஸ் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. மூட்டையின் மேல் பெயரும் போன் நம்பரும் அழியாத மையில் இரண்டு பக்கமும் எழுதச் சொல்லி, ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் வாங்க வேண்டாம், பழைய வீடுகளை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு நான் மேலே வேண்டாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் சரியான நாள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஷட்டர்கள் மூடியிருக்கும், வண்டி கிடையாது, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். கடைப் போர்டுகளுக்கு மேலே முதல் மாடியில் மரத்தூண் திண்ணை, சுண்ணாம்புச் சிற்பம் வைத்த கைப்பிடிச் சுவர், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல் எல்லாம் இன்னும் இருக்கின்றன, ஆனால் வேகமாக இடிந்துகொண்டும் இடிக்கப்பட்டுக்கொண்டும் வருகின்றன. இவற்றைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதமே ஒரு ஞாயிறு போய் வாருங்கள். பவளக்காரத் தெருவில் தொடங்கித் தம்பு செட்டி தெரு வழியாக இறங்கினால் பாரிமுனையில் காபி குடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரலாம்.